குடத்தில் பிடித்த நெட்

2023 ஆவணியில், திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழ்ப்புறத்துத் தெரு ஒன்றில் இருபத்திரண்டு பிளாஸ்டிக் குடங்களில் நெட் பிடித்து வைக்கப்பட்டது. இருபத்து மூன்றாவது குடம் ஓட்டை, அதனால் சேர்க்கவில்லை.

அந்தத் தெருவுக்கு ஒன்பது நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும். டவர் வரவே வராது. மலை குறுக்கே உட்கார்ந்திருக்கிறது, அதை நகரச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. போன் பேச பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது சிரமம், தையல்காரி ஜெஸ்ஸிக்குக் கொடுமை. பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. மஸ்கட்டில் வெல்டராக இருந்த அவள் கணவன் ஆனந்த்ராஜுக்கும் அப்படியே. முகம் பார்த்துக் கையால்தான் பேச வேண்டும். டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மொத்தமும் வேடிக்கை பார்க்கையில் மனசில் இருப்பதை எப்படிச் சொல்வது? அவன் போன இரண்டு வருஷமும் அவர்கள் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

கடைசியில் அவன் ஊருக்கு வந்த ஒருவரிடம் எட்டாத டவரையும் இழுத்துப் பிடிக்கிற, கைக்கடக்கமான வைஃபை டப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பினான். வெள்ளை நிறம், குளியல் சோப்பு அளவு. ஜெஸ்ஸி தன் போனில் இருந்த சிம்மைக் கழற்றி அதில் போட்டுத் தையல் மிஷின் மேல் வைத்தாள். டப்பாவின் முதுகு சுட்டது. காய்ச்சலோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நெற்றியில் பொட்டு வெளிச்சம் பச்சையானதும், பக்கத்து வீட்டுப் பேச்சாயி போனை எட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடி, "ஏடி, வந்துருச்சுடி! வந்துருச்சு!" என்று கத்தினாள்.

அந்தத் தெருவில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். செத்த நேரத்தில் குடங்கள் வாசலில் வரிசையாக நின்றன. கத்தியது ஜெஸ்ஸிக்குக் கேட்டிருக்காது, ஆகவே எதற்கு இந்தக் கூட்டம் என்று அவள் விழித்தாள். விஷயம் தெரிந்த பிறகும் யாரும் திரும்பவில்லை. வரிசையில் வைத்த குடத்தை வெறுங்குடமாகத் தூக்கிப்போவது அங்கே வழக்கமில்லை.

"வந்தது வந்துட்டோம், பிடிச்சுட்டே போவோம்" என்று தோல் வியாபாரி அப்துல் லத்தீப் முதல் குடத்தை மிஷினடியில் தள்ளினார். குடம் நிறைந்தது.

வீட்டில் மூடியைத் திறந்து பக்கத்தில் போனை வைத்தால் படம் சுற்றாமல் ஓடியது. லத்தீப் ஒரு டம்ளர் மொண்டு வைத்துக்கொண்டு வாணியம்பாடிக்குத் தோல் படங்களை அனுப்பினார். மூடாமல் விட்டால் சாயங்காலத்துக்குள் வற்றிப்போனது. மூன்று நாள் பழசானால் போன வாரச் செய்தி வந்தது. தெரு இதையெல்லாம் சீக்கிரமே கற்றுக்கொண்டது. டப்பாவில் ஒரு நாளைக்கு இரண்டு ஜிபிதான் என்பதை மட்டும் யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஆனந்த்ராஜ் கூப்பிட்டான். ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், அரை மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும் என்றான். 'வந்துருங்க' என்று ஜெஸ்ஸி மூன்று தடவை கையால் சொன்னாள். பதிலுக்கு அவன் கை எழுந்தது. அவர்கள் பாஷையில் 'போறேன்' என்றால் கை நெஞ்சிலிருந்து வெளியே போகும். 'வாரேன்' என்றால் வெளியே போன கை நெஞ்சுக்குத் திரும்பும். கை வெளியே போன இடத்தில் படம் நின்றது. அன்றைய இரண்டு ஜிபியும் தீர்ந்திருந்தது. தான் சொன்னது அவனுக்குத் தெரிந்ததா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

ஜெஸ்ஸி ஒரு வெறுங்குடத்தோடு நடுத்தெருவுக்கு வந்து அதைக் கவிழ்த்துப் பிடித்தாள். கண்ணீர் தாடை வரை வழிந்தது. கவிழ்த்த குடத்துக்கு அங்கே விளக்கம் தேவையில்லை.

"அவ புருசன் அனுப்புனதை அம்புட்டையும் நம்மதான மொண்டுட்டோம்! எடுங்கடி குடத்தை" என்றாள் பேச்சாயி.

வீட்டுக்கு வீடு இருந்ததைக் கொண்டுவந்து ஜெஸ்ஸியின் குடத்தில் ஊற்றினார்கள். ரம்ஜான் பீவி சீரியலைப் பாதியில் நிறுத்திக் கடைசிச் சொம்பையும் கொடுத்தாள். ஜெஸ்ஸி குடத்துப் பக்கத்தில் போனை வைத்ததும் எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தக் கைப்பேச்சு தெரியாது, இருந்தாலும் திரும்பினார்கள். குழாயடிச் சண்டைக்குப் பேர் போன தெருதான். இந்த ஒன்றுக்காக அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் மன்னிக்கலாம்.

பழைய நெட்டும் கலந்திருந்ததால் முதலில் போன வாரத்து ஆனந்த்ராஜ் வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டான். ஜெஸ்ஸி அவனை ஓரமாக நிற்கச் சொன்னாள். அப்புறம் இன்றைய ஆனந்த்ராஜ் வந்தான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் மறுபடியும் 'வந்துருங்க' என்றாள். கை மெதுவாகத் திரும்பி அவன் நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது.

கார்த்திகையில் ஊருக்கு வந்தவன் செம்பட்டி ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். தெருக்காரர்கள் இப்போதும் காலையில் வந்து, வீட்டுக்கு ஒரு குடம் நெட் பிடித்துப் போகிறார்கள். ஜெஸ்ஸி பிடிப்பதில்லை. அந்த நேரத்தில் ஆனந்த்ராஜ் அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பான். இரண்டு கையும் வேலையாக இருப்பதால் அவனால் எதிர்த்துப் பேச முடியாது, அவள் சொல்வதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பான்.