கை வைத்தவன் ஏற வேண்டும்

தொண்ணூற்றாறு மார்ச்சில் மாமல்லபுரத்துக்கு நேரே ஒரு ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. ஓட்டிய ரெண்டு ஆபீசர்களின் உடல் கரை ஒதுங்கியது. மெஷினில் பாதிக்கு மேல் கிடைக்கவே இல்லை. என் மகன் ஆனந்தனும் அதில்தான் போனான் என்று நான் சொல்கிறேன். அவன் ஓடிப்போனான் என்று விமானப்படைக் காகிதம் சொல்கிறது. காகிதத்தை அப்படிச் சொல்ல வைத்தவன் நான்.

அந்த ஹெலிகாப்டர் இருந்த விமானப்படைப் பிரிவில், ஸ்குவாட்ரன் என்பார்கள், ஆனந்தன் ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டர். அங்கே ஒரு வழக்கம் உண்டு என்று லீவில் வரும்போது சொல்வான். ரிப்பேர் பார்த்த மெஷின் முதல் தடவை மேலே போகும்போது கை வைத்தவனும் கூட ஏற வேண்டும். அப்போதுதான் போல்ட்டை ஒழுங்காக முடுக்குவானாம். அன்றைக்குக் காலையில் அந்த மெஷினில் கை வைத்தவன் அவன்தான்.

மெஷின் விழுந்ததும் அவன் அதில் கை வைத்ததும் எனக்கு அன்று தெரியாது. சாயங்காலம் விமானப்படை போலீஸ் ரெண்டு பேர் ஜீப்பில் திருக்கழுக்குன்றம் தாண்டி எங்கள் ஊருக்கு வந்தார்கள். ஆனந்தன் வந்தானா என்று மட்டும் கேட்டார்கள். கடலில் விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யூனிபாரம் போட்டவன் முழு விஷயத்தைச் சொல்ல மாட்டான். முந்தின வருஷமும் இப்படித்தான் வந்தார்கள். லீவு சொல்லாமல் வந்து வீட்டில் கிடந்தான் பையன். அப்போது வரவில்லை என்றேன். வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு போய்ப் பதினாலு நாள் அடைத்து வைத்தார்கள். வரவில்லை என்றால் தேடுவார்கள், வந்துவிட்டுப் போய்விட்டான் என்றால் இவர்களும் போய்விடுவார்கள் என்று எனக்குப் புத்தி வந்தது அப்போதுதான். அதனால் இந்தத் தடவை, மத்தியானம் வந்தான், சோறு தின்றான், திருப்பதி பஸ் ஏறிவிட்டான் என்றேன். எழுதி நீட்டினார்கள். மூணாங்கிளாஸ் படிப்புக்குத் தெரிந்த கையெழுத்தைப் போட்டேன்.

மறுநாள் டீக்கடையில்தான் கடல் சமாசாரம் காதில் விழுந்தது. அப்போதே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பொய் எழுதிக் கொடுத்தாய் என்று என்னை உள்ளே தள்ளுவார்கள் என்று பயந்தேன். தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருந்த என் பெண்சாதி அம்சா விஷயம் கேள்விப்பட்டு அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். அவளிடமும் அதே பொய்யைச் சொன்னேன். அழுகை நின்றது. நின்ற அழுகையை மறுபடி ஆரம்பித்து வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதிலிருந்து வருஷம் ரெண்டு தடவை திருப்பதி போகிறாள். மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வருகிறாள்.

எட்டு வருஷம் கழித்து, ஸ்குவாட்ரனைக் கலைக்கப் போகிறார்கள், அதன் சரித்திரத்தைப் புத்தகமாகப் போடுகிறார்கள் என்று தகவல் வந்தது. எழுதுகிறவர் வெங்கடராகவன். அதிலேயே ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர், கூடுவாஞ்சேரியில் வீடு. போனேன். படித்துச் சொன்னார். ஆறு மெஷினோடு ஆரம்பித்தது, புயலில் கூரைமேல் நின்றவர்களைத் தூக்கியது, பனிமலையில் அரிசி மூட்டை போட்டது. பிறகு செத்தவர்கள் பட்டியல், பதினோரு பேர். அதற்குக் கீழே, ரிப்பேரில் கோட்டை விட்ட ஃபிட்டர் ஆனந்தன் தண்டனைக்குப் பயந்து தலைமறைவானான் என்று ஒரு வரி.

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"அவன் ஏறியிருப்பான்னுதான் நானும் நெனச்சேன். சாப்பாட்டு நேரத்துல கிளம்பின மெஷின். பேர் எழுதாம ஏறுறது ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா வீட்டுக்கு வந்தான்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. பெத்த அப்பா சொன்னதுக்கு மேல எதை நம்பறது?"

"பொய் சொன்னேன் சார்."

"அப்பவா, இப்பவா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். எட்டு வருஷமாக ஒரு கடுதாசிகூட வரவில்லை என்று பையனோட அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும், பேச்சை மாற்றின ஆள் ஒருத்தர் வார்த்தையை மட்டும் வைத்து மேலதிகாரிகள் ஏற்க மாட்டார்கள் என்றார்.

எழுதி முடிக்க ரெண்டு நாள் ஆனது. வியாழக்கிழமை மத்தியானம் அம்சாவிடம் கொடுத்தேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எட்டாவது படித்தவள். ரெண்டு தடவை படித்தாள்.

"அன்னிக்கு அவன் வூட்டுக்கு வரலியா?"

"வரல."

"கொழம்பு நல்லா கீதுன்னான்னு சொன்ன."

அதையும் சொல்லியிருக்கிறேன் போல. எனக்கே மறந்துபோயிருந்தது. ஸ்குவாட்ரன் வழக்கத்தை விளக்கினேன். நீ கையெழுத்துப் போட்டால் செத்தவர்களோடு மரியாதையாக இருப்பான், போடாவிட்டால் ரெண்டு பேரைக் கொன்றுவிட்டு ஓடினவன் என்று ஊர் உலகமே படிக்கும் என்றேன்.

"அவன் ஏறுனத நீ கண்ணால பாத்தியா?"

"இல்ல."

"அப்பயும் பாக்காமதான் சொன்ன. இப்பயும் பாக்காமதான் சொல்ற. நான் எதுக்குய்யா போடணும்? ஓடுனவனாவே இருக்கட்டும். ஓடுனவன் உசுரோட இருப்பான்."

எவ்வளவோ கெஞ்சினேன். காலைத் தொட்டேன். காலை இழுத்துக்கொண்டாள். மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். பருப்பைத் தரையில் போட்டுத் தோலை முறத்தில் போட்டாள்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அவள் போனபோது பேனாவை எடுத்தேன். அம்சா என்பது மூணே எழுத்து. அவள் போடுகிற மாதிரியே எனக்கும் போட வரும். எழுத்து வைக்கவேண்டிய இடத்தில் முனையை வைத்தேன். ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கூடுவாஞ்சேரியில் என் கையெழுத்து மட்டும் இருந்த காகிதத்தை நீட்டினேன். அவள் போடமாட்டாள் என்றேன். வெங்கடராகவன் அவள் கையெழுத்துக்கான காலி இடத்தைப் பார்த்தார்.

"அந்த வரியையே எடுத்துடட்டுமா? செத்தவங்கள்லயும் வேணாம், ஓடினான்னும் வேணாம். பையன் பேரே இருக்காது."

நல்ல மனசில்தான் கேட்டார். எடுத்துவிட்டால் கெட்ட பேரும் போகும். ஆனால் உயிரோடு இருக்கிறான் என்று அச்சில் சொல்ல இந்த உலகத்தில் அந்த ஒரு வரிதான் இருக்கிறது. அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு ஏது யோக்கியதை?

"இருக்கட்டும் சார். ஓடிட்டான்னே போடுங்க."

என் காகிதத்தைத் திருப்பி வாங்கிக் கிழித்தேன். அவருடைய வரி இங்கிலீஷில் இருந்தது. இதில் ஆனந்தன் என்பது எது என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினார்.