ஆற்றுக்குக் கொடுக்காத ஊர்

லுமாயன் என்ற ஊரை நான் பார்த்ததில்லை. பார்க்கப் போவதுமில்லை. ஆனால் அந்த ஊரின் ஆறு எந்தப் பக்கம் திரும்பியது, எந்த தேவாலயத்தை முதலில் விழுங்கியது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும். என் மருமகள் மிலா சொல்லித் தெரிந்துகொண்டேன். பாதியைச் சாப்பாட்டு மேஜையில் சிரித்துக்கொண்டே சொன்னாள். மீதியை என் மகனின் சாம்பல் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள்.

மிலாக்ரோஸ் என்பது அவள் முழுப் பெயர். பிலிப்பைன்ஸ்காரி, நர்ஸ். என் மகன் கௌசிக் மணிக்கட்டை முறித்துக்கொண்டு எமர்ஜென்சியில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்குக் கட்டுப் போட்டவள். எனக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதமில்லை என்று ஸ்ரீரங்கத்திலிருந்து போனில் சொன்னேன். அவன் பண்ணிக்கொண்டான். அதோடு பேச்சு முடிந்தது, பகை முடியவில்லை. என் கணவர் போன பிறகு, 2005-இல், அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இருந்த அவர்கள் வீட்டுக்கே நான் போய்ச் சேர வேண்டியதாயிற்று.

அவள் கருவாடு வறுப்பதற்கென்று கௌசிக் கராஜில் தனி அடுப்பு வைத்துக் கொடுத்திருந்தான். கதவைச் சாத்தினாலும் வாசனை உள்ளே வரும். நான் ஊதுபத்தி ஏற்றுவேன். அவள் மூக்கைத் தேய்த்துக்கொண்டு வந்து ஜன்னலைத் திறப்பாள். பெரும்பாலும் எங்கள் பேச்சுவார்த்தை இப்படித்தான் நடந்தது. கொஞ்சம் தமிழும், என்னை அத்தை என்று கூப்பிடவும் கௌசிக் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தான். அந்தச் சொல்லை அவள் ஒரு மருந்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும், அவள் ஊரைப் பற்றி நான் ஏதோ குத்தலாகக் கேட்டேன். கௌசிக் கை துடைக்கும் துண்டை முறுக்கி மேஜையின் குறுக்கே வளைத்துப் போட்டான். அதுதான் ஆறு. வளைவின் மேற்குக் கரையில் ஒரு டம்ளரை வைத்தான். அது ஸ்பெயின் பாதிரியார்கள் கட்டிய முதல் தேவாலயம். சுற்றுப்புறப் புகையிலையெல்லாம் தெப்பத்தில் ஏறிக் கடற்கரைக்குப் போன காலம் அது. படகு வந்து நிற்க வசதி என்று வளைவின் வெளிப்பக்கமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஆறு அரிப்பது அந்தப் பக்கத்தைத்தான். மிலா துண்டை விரலால் தள்ளினாள். டம்ளர் கவிழ்ந்தது. ஊரோடு கிழக்கே மாறி இரண்டாவது தேவாலயம் கட்டினார்கள். ஆறும் கிழக்கே வந்தது. அந்த தேவாலயத்தின் மணிக்கூண்டு மட்டும் இப்போது மணல்திட்டில் நிற்கிறதாம். கோடையில் தண்ணீர் வற்றினால் பிள்ளைகள் அதற்குள் ஏறி விளையாடுவார்களாம். மூன்றாவது ஊரை மலைச்சரிவில் கட்டிக்கொண்டார்கள்.

"தெசை மாறின ஆறு எங்கயும் உண்டும்மா. ஆத்துக்குப் பயந்து ஓடிண்டே இருக்கற ஊர் இவ ஊர்தான்" என்றான் கௌசிக். அவள் ஸ்பூனால் அவன் தோளில் அடித்தாள். எனக்கே சிரிப்பு வந்தது.

ஆற்றைப் பற்றி இவ்வளவு பேசுகிறவள் ஆற்றின்மேல் ஆசை உள்ளவள் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்ரீரங்கத்தில் பிறந்து அம்மா மண்டபம் படித்துறையில் வளர்ந்த எனக்கு வேறு எப்படித் தோன்றும்?

2007 அக்டோபரில், சான்டா கிளாராவில் ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், 880 ஃப்ரீவேயில் ஒரு லாரி கௌசிக்கின் காரை இடித்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

தகனம்தான் என்று நான் சொன்னபோது மிலா மறுக்கவில்லை. அவள் மனிதர்கள் புதைக்கிற மனிதர்கள். விட்டுக்கொடுத்துவிட்டாள், இனி எல்லாம் நம் வழிப்படி என்று நான் நினைத்தேன். ஹேவர்டில் தகனம் முடிந்து வந்ததும் வீட்டைக் கழுவிவிடத் துடைப்பத்தை எடுத்தேன். அவளுடைய சித்தி நெனா யூனியன் சிட்டியிலிருந்து வந்திருந்தாள். ஓடி வந்து என் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கினாள். துக்க வீட்டைப் பெருக்கினால் இன்னொருவரையும் கூட்டித் தள்ளிய மாதிரியாம். கழுவாவிட்டால் தீட்டு என்று நான் தமிழில் கத்தினேன். அவள் தன் பாஷையில் கத்தினாள். மிலா நடுவில் வந்து துடைப்பத்தை வாங்கிக் கராஜில் வைத்துப் பூட்டினாள். ஒன்பது நாளும் அவர்கள் கும்பலாக வந்து ஜெபமாலை சொன்னார்கள், நூடுல்ஸ் சாப்பிட்டார்கள், ஹாலில் உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். பெருக்காத வீட்டில், மாடி அறையில், நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன்.

சாம்பல் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வந்தது. இந்த ஊரில் எலும்பையும் மெஷினில் அரைத்துவிடுகிறார்கள். பொறுக்கிப் பால் தெளிக்க ஒன்றுமில்லை. சலித்த மாவுபோல இருந்தது.

பெட்டியை மேஜைமேல் வைத்துக்கொண்டு நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்தோம். நான், சான்டா கிளாராவில் இருக்கும் என் தம்பி கஸ்தூரிரங்கன், மிலா, அவள் சித்தி. நான் அவன் அப்பா போன இடத்துக்கே, காவேரிக்கே, அவனையும் கொண்டுபோக வேண்டும் என்றேன். ஹேவர்ட் மலைமேல் கல்லறைத் தோட்டத்தில் இடம் பார்த்தாகிவிட்டது என்றாள் மிலா. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பெருந்தன்மை என்றே நினைத்துச் சொன்னேன். பாதியைக் காவேரியில் கரைக்கிறேன், மீதியை நீ உன் ஊருக்குக் கொண்டுபோய் உன் ஆற்றில் கரை என்றேன். ரங்கன் அதை இங்கிலீஷில் சொன்னான்.

சித்தி நெனா சிலுவை போட்டுக்கொண்டு நாற்காலியை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மிலா அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சொல்லாத பாதியைச் சொன்னாள். யுத்தக் காலத்தில் ஜப்பான் சிப்பாய்கள் அந்த ஊர் ஆண்களைப் படகுத்துறையில் வரிசையாக நிற்கவைத்து, கையோடு கை சேர்த்துக் கட்டி ஆற்றில் தள்ளினார்கள். அவள் தாத்தாவின் அண்ணனும் அந்த வரிசையில் இருந்தார். அதற்குப் பிறகு வெகுகாலம் அந்த ஊரில் யாரும் ஆற்று மீன் சாப்பிடவில்லை. பிறகு அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு புயல். ஆறு கரையை உடைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்தது. சவப்பெட்டிகள் மிதந்து போயின. அவள் அப்பா செத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தண்ணீர் வடிந்ததும் கீழூர்களின் சோளக்காட்டில் பெட்டிகள் ஒதுங்கிக் கிடந்தன. அவள் அம்மா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு காடு காடாகப் போய் ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்த்தாள். புருஷனின் சட்டையில் ஒரு பித்தான் மட்டும் வேறு நிறம், அவளே தைத்தது. அதைத் தேடினாள். கிடைக்கவில்லை. மலைச்சரிவில் இருக்கும் மூன்றாவது ஊரில் எந்த வீட்டு வாசலும் ஆற்றைப் பார்த்து இல்லை. அந்த ஊரில் செத்தவர்களைத் தண்ணீருக்குக் கொடுப்பவன் எதிரி.

இவ்வளவையும் எனக்குப் புரிகிற இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"கௌசிக்கைத் தண்ணிக்குக் குடுக்க மாட்டேன், அத்தை."

"உன் ஆறு வேற, என் ஆறு வேற" என்றேன்.

"எனக்குத் தண்ணி எல்லாம் ஒண்ணுதான்."

அவள் சொன்னது என் மனதைத் தொடவில்லையா என்றால், தொட்டது. அதற்காக என் பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியாது. அவள் அப்பாவுக்கு ஆறு செய்ததற்கு என் பிள்ளை ஏன் மண்ணுக்குள் கிடக்க வேண்டும்? வாசலில் ரங்கன் என்னைத் தனியே அழைத்துச் சொன்னான்.

"அக்கா, லீகலா அவதான் நெக்ஸ்ட் ஆஃப் கின், உரிமை அவளுக்குத்தான். நம்ம சத்தம் போட்டா பெட்டியைக் கண்ணுலகூடக் காட்ட மாட்டா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளவில்லை. அவள் ட்யூட்டிக்குப் போன ஒரு நாள் பெட்டியைத் திறந்து, ஒரு பித்தளைச் செம்பு கொள்ளுமளவு எடுத்துக்கொண்டேன். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினேன். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, மரத்தில்தான் கட்டவேண்டும். பின்கட்டு எலுமிச்சை மரத்தில், இலை அடர்ந்த கிளையாகப் பார்த்துத் தொங்கவிட்டேன். ஏப்ரலில் ரங்கன் இந்தியா போகும்போது கூடவே போவதாக எண்ணம்.

நாற்பதாம் நாள் பெட்டியை ஹேவர்ட் மலையில் புதைத்தார்கள். அந்தத் தோட்டத்திலேயே உயரமான இடமாக மிலா தேர்ந்தெடுத்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் விரிகுடா கீழே தகடுபோலக் கிடக்கிறது. எந்தத் தண்ணீரும் அவ்வளவு உயரம் ஏறி வர முடியாது. எல்லோரும் காரை நோக்கி நடந்தபோது அவள் என் பக்கத்தில் வந்தாள்.

"எலுமிச்சை மரத்துல இருக்கறது மரத்துலயே இருக்கட்டும், அத்தை" என்றாள். முகத்தைப் பார்க்காமல், நோயாளியிடம் பேசுகிற குரலில். "தண்ணிக்கு மட்டும் போகக் கூடாது."

சமையலறை ஜன்னலில் நின்று அவள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு நாங்கள் ஒரே வீட்டில், ஒரே மரத்தைக் காவல் காத்துக்கொண்டு இருந்தோம்.

ஜனவரி முதல் வாரத்தில் புயல் வந்தது. கரண்ட் போயிற்று. காலையில் பார்த்தபோது எலுமிச்சைக் கிளை முறிந்து, செம்பு சேற்றில் சாய்ந்து கிடந்தது. துணி மட்டும் அவிழவில்லை. இனி ஏப்ரல்வரை காத்திருக்க என்னால் முடியாது. ரங்கனுக்கு போன் பண்ணி, பக்கத்து ஓடையிலேயே கரைத்துவிடுகிறேன் என்றேன். க்ரீக்கில் எதையும் போடக் கூடாது, யாராவது பார்த்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள், வீட்டிலேயே இரு என்றான். வைத்துவிட்டேன். பெண்கள் செய்கிற காரியமில்லை இது. செய்ய வேண்டியவன்தான் செம்புக்குள் இருந்தான்.

எங்கள் தெருக் கோடியில் அலமீடா ஓடை. வருஷத்தில் பாதி நாள் கூழாங்கல்லும் வாத்துகளும்தான் இருக்கும், எங்கிருந்தோ வந்து விழுந்த ஷாப்பிங் கார்ட்கூட இருக்கும். அன்று இரண்டு கரையும் தொட்டு, காபிநிறத் தண்ணீர் கிளைகளைச் சுழற்றிக்கொண்டு மேற்கே விரைந்தது. ஆடிப் பெருக்கு மாதிரி இருந்தது எனக்கு. கல் பதித்த சரிவில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

துணி முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மேலே கார் நிற்கும் சத்தம் கேட்டது. இரவு ட்யூட்டி முடிந்து வந்தவள் மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். நர்ஸ் உடுப்போடு, குடையில்லாமல் கரைமேல் நின்றாள். இறங்கி வரவில்லை. தண்ணீருக்கு அவ்வளவு பக்கத்தில் அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"பண்ணாதீங்க" என்றாள்.

நான் முடிச்சை அவிழ்த்தேன்.

"எங்கம்மாவுக்குத் திறந்து பாக்கப் பெட்டியாவது இருந்துது, அத்தை."

நான் செம்பைக் கவிழ்த்தேன். எனக்குத் தெரிந்த மந்திரத்தைச் சொன்னேன். சாம்பல் ஒரு கணம் தண்ணீர்மேல் வெளுப்பாகப் பரவி நின்றது. அப்புறம் சுழலுக்குள் போயிற்று. நான் செய்தது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. என் பிள்ளைக்கு அவன் அப்பாவின் வழி ஒரு கைப்பிடியாவது கிடைத்தது.

கரைத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தால் போகிறவனுக்குப் போக மனம் வராது. என் கணவரைக் கரைத்தபோதும் பார்க்கவில்லை. சரிவில் ஏறி, வீட்டைப் பார்த்து நடந்தேன். மிலா என்னைத் திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைக் கடந்து எதிர்த் திசையில் போகிற காலடிச் சத்தம்தான் கேட்டது. ஓடையை ஒட்டி விரிகுடாவரை போகிற நடைபாதையில் அவள் கீழ்முகமாக, தண்ணீர் போகிற பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

வேகமாக நடக்கவில்லை அவள். நாணல் மடிந்து கிடக்கிற இடங்களில் நின்று நின்று தண்ணீரை உற்றுப் பார்த்தாள். பொடியாகப் போனதை எங்கே தேடுவது? அது அவளுக்குத் தெரியாதா? கார் கதவு திறந்து கிடந்தது. அதைச் சாத்திவிட்டு, காலிச் செம்போடு அவள் பின்னால் போனேன்.

சத்தம் கேட்டு, திரும்பாமலே, "வராதீங்க" என்றாள்.

போனேன். எங்களுக்கு நடுவில் ஒரு வீட்டு நீளம் இடைவெளி இருந்தது. அதை அவளும் குறைக்கவில்லை, நானும் குறைக்கவில்லை. முதல் பாலம்வரை அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். அதற்கப்புறம் நானும் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தேன்.