முத்திரை வைத்த சூப்

அப்பா ஹோட்டலில் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் உணவு ஆய்வாளர். நகரத்துச் சமையலறைகளுக்குள் பின்வாசல் வழியாகப் போய் வந்தவர். கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு. சரியில்லை என்று பட்டால் கடையைப் பூட்டிவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, அம்மா சமைத்ததைச் சாப்பிடுவார். அம்மாவும் வெளியில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அவளைக் கேட்டுச் செய்த ஏற்பாடு அல்ல அது.

இருந்தும், ஒரு சமையல்காரனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக மகள் சொன்னபோது வீட்டில் யாரும் கத்தவில்லை. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். அம்மாதான் வழி சொன்னாள்.

"அந்தப் பையன் உங்களுக்குன்னு வெக்கிறதை ஒரு வேளை சாப்பிடுங்க. கிண்ணம் காலியானா சம்மதம். மிச்சம் வெச்சீங்கன்னா இந்தப் பேச்சே வேண்டாம்."

அப்பா "ம்" என்றார். அவர் "ம்" என்றால் எழுதிக் கொடுத்த மாதிரி.

மகளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அதை ஒட்டி ஒரு வியட்நாம் நூடுல்ஸ் சூப் கடை. மலிவு, எப்போதும் கூட்டம். சூப் குடித்துவிட்டு ஆவி படிந்த கண்ணாடியோடு வெளியே வருகிறவர்களில் சிலர், பவர் மாறிவிட்டதென்று பயந்து பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். இதைப் பற்றிப் புகார் சொல்லப் போய்த்தான் அவளுக்குச் சமையல்காரனோடு பழக்கம்.

சனிக்கிழமை மதியம் அப்பா சூப் கடையின் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார். மேசையின் அடிப்பக்கத்தை விரலால் தடவி, விரலை மோந்து பார்த்தார்.

"அப்பா, இது ரெய்டு இல்ல."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு அந்தச் சாம்பிள் பை?"

"சும்மாதான்."

சமையல்காரன் எட்டிப் பார்த்தான். முன்பு வேலை பார்த்த கடைகளில் பூட்டைப் பார்த்திருக்கிறான். பூட்டு உள்ளே வந்தால், அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டு ஜாடிகளில் சாம்பிள் நிரப்பி, மூடி, காகிதப் பட்டை ஒட்டி அவர் முன்னால் வைத்துவிட வேண்டும். ஒன்று லேப்புக்கு, ஒன்று கடைக்கு. அவர் கேட்ட பிறகு எடுத்துக் கொடுத்த கடைகள் நிலைத்ததில்லை.

மகளுக்குக் கிண்ணம் வந்தது. அரிசி நூடுல்ஸ், மேலே பச்சைத் துளசி, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. அப்பாவுக்கு இரண்டு ஜாடிகள் வந்தன. பச்சையாகப் போட்ட இறைச்சிச் சீவல்கள் கொதிக்கும் சாற்றில் நிறம் மாறுவது ஜாடியின் கண்ணாடி வழியே தெரிந்தது.

அப்பா பேனாவை எடுத்தார். இரண்டு பட்டைகளிலும் குறுக்கே கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினார். அதன் பிறகுதான் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?" என்றாள் மகள்.

"கை பண்ணிடுச்சு," என்றான் சமையல்காரன்.

"அதைக் கட்டிப்போட வேண்டியதுதானே!"

"சீல் வெச்ச சாம்பிளை லேப்லதான் பிரிக்கணும்," என்றார் அப்பா.

"வேற கிண்ணம் கொண்டு வரேன் சார்."

"எனக்குன்னு வெச்சது இதுதான். இதை விட்டுட்டு வேற சாப்பிட்டா, மிச்சம் வெச்ச கணக்கு. உங்கம்மாகிட்ட நான் பொய் சொல்ல முடியாது," என்றார் அப்பா, மகள் பக்கம் திரும்பி.

மகள் தன் கிண்ணத்தைப் பார்த்தாள். நூடுல்ஸ் ஊறிப் பெருத்துக்கொண்டிருந்தது. சமையல்காரன் கையைத் துண்டில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"தப்பா நினைக்காதீங்க சார். நீங்க போன மாசம் ரிடையர் ஆயிட்டீங்கல்ல?"

அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்வதில்லை. அப்பா இன்னமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் நிறுத்தம்வரை போகிறார். பஸ் வந்ததும் திரும்பி வருகிறார். "இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டீங்க," என்பாள் அம்மா.

"அதனால?" என்றார் அப்பா.

"அந்தக் கையெழுத்து செல்லாது சார்."

கல்யாணம் நின்றுவிட்டது என்று மகள் நினைத்தாள். யாரிடம் முதலில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள். அப்பா ஜாடியைத் திருப்பித் தன் கையெழுத்தை வாசித்தார். சின்னக் கையெழுத்துதான், வாசிக்க நேரம் பிடித்தது.

"செல்லாதுதான்," என்றார். நகத்தால் பட்டையைக் கிழித்தார். "கிண்ணம் இருக்கா?"

நூடுல்ஸ் குச்சிகளை ஒதுக்கிவிட்டுக் கரண்டி கேட்டார். கரண்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்க்காமல் விட்டிருந்தால் மகள் பயந்திருப்பாள். முதல் வாயிலேயே அவர் கண்ணாடியில் ஆவி ஏறியது. அவர் துடைக்கவில்லை. என்ன சாப்பிடுகிறோம் என்று பார்க்காமலே சாப்பிட்டார். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்து, காலிக் கிண்ணத்தை மகள் பக்கம் சாய்த்துக் காட்டினார்.

பிறகு இரண்டாவது ஜாடியை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"அது லேப்புக்கா சார்?" என்றான் சமையல்காரன்.

"உன் அத்தைக்கு."

சமையல்காரன் அங்கேயே ஒரு முக்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா, அதுல உங்க கையெழுத்து இருக்கே," என்றாள் மகள்.

"அவ பிரிச்சுடுவா," என்றார் அப்பா, கண்ணாடியைத் துடைத்தபடி. "அவகிட்ட அது என்னிக்குச் செல்லுபடியாச்சு?"