எந்த போஸ்ட்?

“போஸ்ட் வந்துடுச்சு!” என்று கணவர் போனில் கத்தியதும் லைன் கட் ஆகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு வீட்டாரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“என் சூப்பர்வைசர் போஸ்ட்தான் அண்ணி! இன்டர்வியூல நல்லா பேசினேனே!” என்று கொழுந்தன் குதித்தான். மாமனாரோ, “என் சிநேகிதன் கடிதம் போட்டிருப்பான்” என்று மூக்குக்கண்ணாடியைத் தேடினார். மகள் போனைத் தடவிப் பார்த்து, “அப்பா எந்த போஸ்ட்டும் போடலையேம்மா!” என்றாள்.

தையல்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கணவரைத் தேடித் தெருமுனைக்கே போய்விட்டாள்.

அங்கே ஒரு லாரி நின்றது; பக்கத்தில் கணவர். அதிலிருந்து நீளமான விளக்குக் கம்பத்தை நாலு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தெருவுக்கு விளக்கு கேட்டு மனு கொடுத்ததையே அவள் மறந்திருந்தாள்.

“எந்த போஸ்ட்டுன்னு சொல்லக் கூடாதா? வீடே ரெண்டுபட்டுப் போச்சு!”

கணவர் சிரித்தார். “அதை விடு. எங்க நடணும்னு கேக்கறாங்க. நம்ம வாசல்லயே நட்டுடலாமா?”

ராத்திரி ஷிஃப்ட் முடித்து வரும் எதிர்வீட்டு நர்ஸ், தெருவின் இருட்டு வளைவு வந்தாலே ஓட்டமும் நடையுமாகப் போவது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

“வேண்டாங்க. அந்த வளைவுல நடச் சொல்லுங்க” என்றாள்.