செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு

நெல்டா ப்ரூவெட் தன் சொந்தத் தம்பியைக் கடையைவிட்டு வெளியே போகச் சொன்னபோது, மாட்டு ஏலத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

டெக்சஸில் அபிலீனுக்கு வடக்கே, பருத்தியும் மெஸ்கீட் முள்ளும் தவிர வேறெதுவும் தலைதூக்காத வட்டாரம் அது. வியாழக்கிழமைதோறும் ஏலம். ஏலக் கொட்டகையை ஒட்டிய சாப்பாட்டுக் கடை நெல்டாவுடையது. மாவில் புரட்டிப் பொரித்த மாட்டிறைச்சியும் வெள்ளைக் குழம்பும் சாப்பிடுவதற்கென்றே தூரத்திலிருந்து வண்டியோட்டி வருகிறவர்கள் உண்டு. கட்சியின் வட்டாரப் பொறுப்பும் அவளிடம்தான். ஆனால் கடைக்காரி, கட்சிக்காரி என்பதைவிட, கவர்னர் லாங்லியின் ஆள் என்றுதான் அவளுக்கு ஊரில் பெயர்.

அது சும்மா வந்த பெயர் இல்லை. வேட் லாங்லி என்றால் யாரென்றே தெரியாத காலத்தில், மாநிலச் சட்டசபைக்கு அவர் முதல்முறை நின்றபோது, தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகக் கூட்டிப் போனவள் நெல்டா. "நல்ல பையன். பண்ணைக்குள்ள வந்தா, திரும்பிப் போறப்ப மாடு வெளிய ஓடாம கேட்டைச் சாத்திட்டுப் போறவன்" என்று அவள் சொன்ன ஒரு சொல்லுக்காகவே ஓட்டுப் போட்டவர்கள் பலர்.

இப்போது அவர் டெக்சஸின் கவர்னர். ஜனாதிபதி நாற்காலிக்கே குறிவைத்திருந்தார். அதற்கு முதலில் சொந்தக் கட்சி அவரை வேட்பாளராக ஏற்க வேண்டும். மார்ச் மாதம் டெக்சஸில் கட்சிக்காரர்கள் ஓட்டுப் போட்டு அதைச் சொல்வார்கள். எதிரே நின்றவர் ஒஹையோ செனட்டர் ஸ்லேட்டர். சொந்த மாநிலத்தில் ஜெயித்தால் லாங்லி நிலைப்பார். தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நவம்பரில் வரும் பெரிய தேர்தலைப் பற்றி இங்கே யாருக்கும் கவலை கிடையாது. இந்தக் கட்சி எவரை நிறுத்தினாலும் டெக்சஸ் அவருக்குத்தான்.

ஜனவரியில் ஹூஸ்டனில் நடந்த விவாத மேடையில் ஸ்லேட்டர் ஒரு வார்த்தை விட்டார். "பொண்டாட்டி கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கத் தெரியாதவர், நாட்டு எல்லையை எப்படிப் பூட்டுவார்?" அரங்கம் முதலில் திகைத்தது, பிறகு பாதிப் பேர் சிரித்தார்கள். கேமரா லாங்லியின் மனைவி டீனாவைக் காட்டியது. அவள் முகம் வெளுத்து, உதட்டில் ஒட்டவைத்த சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் கடை டிவியில் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். நெல்டாவின் தம்பி ராய்ஸ், ஸ்லேட்டரின் ஆள், தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"பாட்டிலாம் அக்கா! எல்லையாம்! என்னமா கோர்த்திருக்கான் பாரு!"

நெல்டா அவன் தட்டைக் கையிலெடுத்தாள். பாதி இறைச்சி அப்படியே இருந்தது.

"எந்திரி."

"என்னக்கா, ஒரு ஜோக்குக்குப் போய்..."

"எந்திரி ராய்ஸ். வெளிய போ. அந்தப் பொம்பள மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கு என் அடுப்புல சோறு கிடையாது."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். அதோடு இருவரும் சேர்ந்து சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமை விருந்தும் நின்றது.

ஒரு வார்த்தைக்கு இத்தனை கோபமா என்று ஊர் கேட்டது. நெல்டாவுக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் வேறு. ஸ்லேட்டர் சொன்னது உண்மை. பதினோரு வருடத்துக்கு முன் டீனா காலையிலேயே குடிக்கத் தொடங்கியிருந்தாள். சான் ஏஞ்சலோவுக்கு அப்பால் ஒரு தேவாலயத்தார் நடத்திய குடி மறப்பு விடுதியில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நெல்டாதான். சட்டசபை உறுப்பினரின் மனைவி என்று தெரியக்கூடாதென்று, தன் பெயரையே கொடுத்துச் சேர்த்தாள். டீனாவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொன்னாள். தம்பியிடமும் அதையேதான் சொன்னாள். அன்றிலிருந்து டீனா ஒரு சொட்டும் தொடவில்லை.

ஹூஸ்டன் பேச்சுக்குப் பிறகு காற்று திரும்பியது. பெண்கள் கொதித்தார்கள். எங்கோ பின்னால் கிடந்த லாங்லி, ஒரே வாரத்தில் ஸ்லேட்டரை எட்டிப் பிடித்துவிட்டதாக டிவிக்காரர்கள் சொன்னார்கள். நெல்டா கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டுச் சுற்றுவட்டாரமெல்லாம் அலைந்தாள். தேவாலய அடுக்களையிலும் பருத்தி ஆலையிலும் ஒரே பேச்சு. "பொம்பளையைக் கேவலப்படுத்தினவனுக்கா ஓட்டு?" முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்கள் வந்ததும் முதல் நாளே போய் லாங்லிக்குப் போட்டாள். மாட்டுப் பட்டியில் வேலை பார்க்கும் ஃபெர்மின் இபாராவையும் தன் வண்டியிலேயே கூட்டிப் போனாள். அவர் போன வருடம்தான் குடியுரிமை வாங்கியவர். வாழ்நாளில் முதல் ஓட்டு என்று, வெயிலில் வெளுக்காத சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

தேர்தலுக்கு முந்தைய வியாழக்கிழமை. கடை நிரம்பி வழிந்தது. ஒலிபெருக்கியில் ஏலக்காரர் மூச்சுவிடாமல் விலை கூவிக்கொண்டிருந்தார். அப்போது டிவியில் ஃபோர்ட் வொர்த் மேடை தெரிந்தது. லாங்லியும் ஸ்லேட்டரும் கைகோத்து உயர்த்திக்கொண்டு நின்றார்கள்.

"நாட்டின் நன்மைக்காக நான் விலகுகிறேன்" என்றார் லாங்லி. "செனட்டர் ஸ்லேட்டரைவிட நேர்மையான மனிதரை நான் பார்த்ததில்லை."

பக்கத்தில் டீனா நின்றாள். ஸ்லேட்டரின் கை அவள் தோள்மேல் இருந்தது.

நெல்டாவின் கையில் காபிக் குவளை. ஓடிஸ் என்ற கிழட்டு வியாபாரிதான் முதலில் கனைத்தார்.

"என்ன நெல்டா, உன் ஆளு கேட்டைச் சாத்திட்டுத்தான் போனானா, இல்ல திறந்து போட்டுட்டுப் போயிட்டானா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். வாசலில் யாரோ, "வாயை மூடுய்யா ஓடிஸ்" என்றார்கள். நெல்டா திரும்பிப் பார்த்தாள். ராய்ஸ். அந்தச் சண்டைக்குப் பிறகு அவன் கடை வாசலை மிதித்ததே இல்லை. ஜெயித்தவன் முகமாக அவன் முகம் இல்லை. அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனான்.

சாயங்காலம் லாங்லியே கூப்பிட்டார்.

"நெல்டா, முன்னாடியே சொல்லியிருக்கணும். வாயைத் திறக்கக்கூடாதுன்னு கட்டிப்போட்டுட்டாங்க. துணை ஜனாதிபதியா என்னை நிறுத்துறாங்க, நெல்டா! நம்ம ஊர்ல இருந்து ஒருத்தன்!"

"நேத்து வரைக்கும் அந்த ஆளுக்கு ஓட்டுப் போடாதேன்னு வீடு வீடா சொன்னேன், வேட்."

"தெரியும். அதனாலதான் கூப்பிட்டேன். சனிக்கிழமை அபிலீன்ல கூட்டம். நீ மேடையேறி எங்க ரெண்டு பேரையும் அறிமுகப்படுத்தணும். நீ சொன்னாத்தான் அந்தச் சனங்க கேட்கும்."

"டீனா எப்படி இதுக்குச் சம்மதிச்சா?"

"சம்மதிச்சாளா? அவதானே போ போன்னு சொன்னா!"

நெல்டா நம்பவில்லை. மறுநாள் காலையில், டீனா லாங்லியின் பண்ணை வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வண்டியை எடுத்தாள். கதவைத் திறந்ததும் டீனா அவளைக் கட்டிக்கொண்டாள். அடுக்களை மேசையில் உட்காரவைத்து, ஐஸ் போட்ட தேநீரை ஊற்றிக் கொடுத்தாள்.

"நீயா சொன்ன, அவன்கூடச் சேருன்னு?"

"ஆமா. இந்த ஒரு நாளுக்காக எத்தனை வருஷமா ஓடுறான் வேட்! நான் குறுக்க நிக்கவா?"

"டீனா, அந்த ஆளு கை உன் தோள்மேல இருந்துச்சு. பார்த்த எனக்கே உடம்பு கூசிச்சு."

"எனக்கும் கூசிச்சு. பழகிடும். அவரு தனியாக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாரு."

"ஏசினது ஊர் முன்னாடி, மன்னிப்பு மட்டும் தனியாவா?"

டீனா தேநீர்க் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். பிறகு நெல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரை மன்னிச்ச மாதிரி உன்னையும் மன்னிச்சிட்டேன், நெல்டா. நேர்ல சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்தேன்."

"என்னையா? எதுக்கு?"

"விடு. இனி அதைப் பேச வேண்டாம்."

"இல்ல, சொல்லு. எதுக்கு என்னை மன்னிச்ச?"

"ஸ்லேட்டர் ஆளுங்ககிட்ட என் விஷயத்தைச் சொன்னதுக்கு."

நெல்டா கையை உருவிக்கொண்டாள்.

"நானா? உனக்காகத் தம்பியை வெளிய தள்ளினவ நான். நானா போய்ச் சொன்னேன்?"

"வேற யாருக்குத் தெரியும், சொல்லு? அந்த விடுதியில உன் பேர்லதானே இருந்தேன். என்னை யார்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சது மூணே பேருக்கு. எனக்கு, வேட்டுக்கு, உனக்கு. நான் நம்பவே மாட்டேன்னேன். வேட்தான் சொன்னான், நெல்டா வேணும்னு செஞ்சிருக்க மாட்டா, வாய் தவறி எங்கயோ விட்டிருப்பா, இப்பக் கேட்டுடாதே, அந்த வட்டாரம் நமக்கு வேணும்னு."

"எப்பச் சொன்னான்?"

"அன்னைக்கே. ஹூஸ்டன்ல மேடையைவிட்டு இறங்கினதும். நான் அழுதுட்டிருந்தேன். அவன் எவ்வளவு நிதானமா இருந்தான் தெரியுமா? அவன் மட்டும் இல்லேன்னா நான் அன்னைக்கே..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. நிதானமாக இருந்தானாம். திடுக்கிட்டவன் எப்படி நிதானமாக இருப்பான்? மூன்று பேரில் தான் சொல்லவில்லை, டீனா சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையால் யார் மேலே ஏறினார் என்பதையும் நாடே பார்த்தது. தன் பெண்டாட்டியின் மானத்தைத் தானே எதிராளி கையில் கொடுத்து அடிக்கவிட்டு, அதில் கிடைத்த பரிதாபத்தில் செல்வாக்கு உயர்ந்ததும், அந்தச் செல்வாக்கை அதே எதிராளியிடம் விற்றுப் பதவி வாங்கியிருக்கிறான். பழி மட்டும் நெல்டா தலையில். அந்தப் பழியோடேயே இரண்டு மாதம் ஊர் ஊராக அலையவும் விட்டிருக்கிறான்.

"உன் புருஷன்தான்டி" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டீனாவின் விரல்களைப் பார்த்தாள். அவை குவளையை விடாமல் பிடித்திருந்தன. சான் ஏஞ்சலோ சாலையில், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தியெடுத்தபோதும் இதே விரல்கள்தான் நெல்டாவின் கையைப் பற்றியிருந்தன. இந்தப் பெண் இன்று நிற்பதே, வேட் தன்னைக் கைவிடவில்லை என்ற ஒரு நினைப்பின் மேல்தான். அதைத் தட்டிவிட்டால் இன்று இரவே பாட்டிலைத் தேடிப் போவாள்.

"சரி, டீனா" என்றாள்.

"கோவமா?"

"இல்ல."

"அப்ப நாளைக்கு மேடைக்கு வருவேல்ல?"

"மாட்டேன்."

டீனா பரிவோடு தலையசைத்தாள். குற்ற உணர்ச்சியால்தான் வர மறுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டு நெல்டா எழுந்தாள்.

பண்ணையைத் தாண்டிச் சாலையோரம் வண்டியை நிறுத்தி லாங்லியைக் கூப்பிட்டாள்.

"மூணு பேருக்குத்தான் தெரியும்னு டீனா சொன்னா. எனக்குக் கூட்டல் கழித்தல் தெரியும், வேட்."

லாங்லி மறுக்கவில்லை.

"அவகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அது உனக்காக இல்ல."

அதற்கு அவர் கேட்டது இதுதான்:

"அப்ப... சனிக்கிழமை?"

நெல்டா போனை வைத்துவிட்டாள். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் அசிங்கம் பட்டதுபோல் இருந்தது. இவரை நம்பச் சொல்லி எத்தனை கதவு தட்டினோம் என்று எண்ணிக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள்.

சனிக்கிழமை ஊரே அபிலீனுக்குப் போயிருந்தது. கவர்னரும் வருங்கால ஜனாதிபதியும் ஒரே மேடையில் என்றால் சும்மாவா? நெல்டா வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பின்கதவைத் திறந்துகொண்டு ராய்ஸ் வந்தான்.

"உன் ஆளு கூட்டத்துக்கு நீ போகலியா?"

"டிராக்டர் ரிப்பேரு" என்றான். அவன் கையில் ஒரு துளி கிரீஸ் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அக்கா, எனக்கு இப்பவும் ஸ்லேட்டரைத்தான் பிடிக்கும். ஆனா அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது."

"ம்."

"நிஜமாவே அந்தம்மா குடிச்சாங்களா? அவங்க அம்மாவைப் பார்க்கப் போயிருக்காங்கன்னுதானே சொன்ன?"

"பொய் சொன்னேன்."

"ஊருக்குச் சொன்ன, சரி. என்கிட்டயுமா?"

"உன்கிட்டயும்தான்."

அவன் முகம் சுருங்கியது. தனக்கு நேற்று எப்படியிருந்திருக்கும் என்பதை அந்த முகத்தில் நெல்டா பார்த்தாள். "என் தப்புடா ராய்ஸ்" என்றாள். அவன் கை நீட்டி ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினான். பிறகு, "சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டான். இருந்ததை இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். லாங்லியே ரகசியத்தை எதிராளியிடம் விட்டுவிட்டுத் தன்மேல் பழி போட்டதை மட்டும் அவள் சொல்லவில்லை. ராய்ஸிடம் சொன்னால் ஓடிஸுக்குத் தெரியும். ஓடிஸுக்குத் தெரிந்தால் டீனாவுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஸ்லேட்டர் டெக்சஸை அள்ளிக்கொண்டு போனார். நெல்டாவின் வட்டாரத்தில் மட்டும் லாங்லி முன்னால் வந்தார். முன்கூட்டியே போட்ட ஓட்டுகள் அவை. திரும்ப எடுக்க முடியாது. பாதியில் விலகி ஓடிவிட்டவனுக்கு ஓட்டுப் போட்ட ஊர் என்று டல்லாஸ் பத்திரிகை ஒன்று கேலி செய்து எழுதியது. அதைப் படித்துவிட்டு ஃபெர்மின் கடை வாசலில் தயங்கி நின்றார்.

"சென்யோரா, என் ஓட்டு எண்ணினாங்களா?"

"எண்ணினாங்க ஃபெர்மின்."

"அது இப்ப யாருக்கு?"

"அடுத்த தடவை நீங்களே பார்த்துப் போடுங்க. என்னைக் கேட்காதீங்க" என்றாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வாரமே கட்சியின் வட்டாரப் பொறுப்பை விட்டுவிடுவதாகச் சொல்லி, அலுவலகச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

டீனாவிடமிருந்து கோடையில் இரண்டு முறை அழைப்பு வந்தது. சௌக்கியமா என்று கேட்டாள், சௌக்கியம் என்றாள் நெல்டா. தண்ணீரும் தேநீரும்தான் குடிக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. அது போதும் என்று போனை வைப்பாள். வைத்த பிறகு வெகுநேரம் வேலை ஓடாது.

நவம்பரில் ஊர் முழுக்க ஸ்லேட்டர், லாங்லி பெயர் எழுதிய பலகைகள். ஓட்டுப் போட ராய்ஸின் வண்டியில் போனாள். பட்டியலில் முதல் வரி ஜனாதிபதிக்கு. நெல்டா அந்த இடத்தை அப்படியே வெறுமையாக விட்டாள். வயதுக்கு வந்த நாள் முதல் அவள் அப்படிச் செய்தது இல்லை. அதற்குக் கீழே நீதிபதி, ஊர்க் காவலதிகாரியான ஷெரீப் என்று உள்ளூர்ப் பதவிகளுக்கு நின்றவர்களுக்கு ஒவ்வொன்றாகப் போட்டாள். டெக்சஸ் வழக்கம்போல் அந்தக் கட்சிக்கே போனது. நாடும் அவர்களுக்கே போனது. ஓர் ஓட்டு குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

வெளியே வந்தபோது ராய்ஸ் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தான்.

"யாருக்குக்கா போட்ட?"

"ஷெரீப்புக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.