போட்டேனா, போடலையா

பதினெட்டு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர் சங்கிலிமுத்து. கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். இந்த ஆறு மாதமாகத்தான் நினைப்பு கைக்குப் பின்தங்கியது. ஒருநாள் சாயங்காலம் சொந்த ஊர் ஆமத்தூரில் இறங்க மறந்து விருதுநகர் வரை பஸ்ஸில் போய்விட்டார். மகள் வேல்விழி பேசிக்கொண்டிருக்கும்போதே, "என்னத்தா சொன்ன?" என்பார். மனைவி அய்யம்மாள் பக்கத்தில் வந்து வாயை மோந்து பார்த்தாள். குடித்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கிட்னி பழுது என்று இரண்டு வருஷம் முன்பே சொல்லியிருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டார். கால் வீங்கினால் மேலே தூக்கி வைத்துக்கொண்டார். கம்பெனியில் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அன்றைக்குக் காலையில் மருந்து ரூமில் தனியாக நின்றவருக்குத் திடீரென்று நினைப்பின் பிடி நழுவியது. மூன்றாவது பொடியைப் போட்டோமா, இல்லையா? தட்டைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. யோசிக்க யோசிக்கத் தூக்கம் வருகிற மாதிரி அசதிதான் வந்தது. பக்கத்து ரூமில் முருகம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் குழாய்க்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். கரண்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"எல்லாரும் எந்திரிச்சு மரத்தடிக்குப் போங்கம்மா."

போர்மேன் பாலகுரு வேகமாக வந்தான். "என்னண்ணே, சீசன் நேரத்துல ஆளுகளை வெளிய நிறுத்தியிருக்கீக?"

"கலவையில எதைப் போட்டேன், எதை விட்டேன்னு தெரியல தம்பி."

"உங்களுக்கா தெரியல?"

"ஆறு மாசமாவே இப்படித்தான். கிட்னி சரியில்ல. மறைச்சுட்டேன்." சொல்லி முடித்ததும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பாலகுரு ரூமைப் பூட்டி, ஒருவரையும் கிட்ட விடவில்லை. அவரைத் திட்டவுமில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். நர்ஸ் ஜெபராணி அய்யம்மாளையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். "கிட்னி கழிவை வெளிய தள்ளலேன்னா அது ரத்தத்துலயே தங்கிரும். ரத்தமும் இவருக்குக் கொறச்சலா இருக்கு. மூளை எப்படி ஓடும்? மறதியும் கவனம் நிக்காததும் அதனாலகூட வரலாம். இதை முன்னாடியே டாக்டர்ட்ட சொல்லியிருக்கணும்."

"வயசாகிப்போச்சுன்னு நெனச்சேன்," என்றார் சங்கிலிமுத்து.

"நாப்பத்தாறுலயா?"

 திரும்பும்போது பஸ்ஸில் அய்யம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் உங்களை மோந்துல்ல பாத்தேன்," என்றாள்.

ஊசியும் மாத்திரையும் ஓடின. இரண்டு மாதத்தில் தலை கொஞ்சம் தெளிந்தது. முன்பு மாதிரி இல்லை. லேபிள் ஒட்டும் ஷெட்டில் அவரை உட்காரவைத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் அங்கேயும் தூங்கி வழிந்தார்.

ஆர்டர் குவிந்த ஒரு வாரம் பாலகுரு வந்து நின்றான். "இப்ப நல்லாத்தான இருக்கீக? மருந்து ரூமுக்கு வர்றீகளாண்ணே? ஆள் கெடைக்கல."

போகலாம் என்றுதான் ஒரு நிமிஷம் தோன்றியது அவருக்கு.

"இன்னைக்குத் தெளிவா இருக்கு தம்பி. நாளைக்கு எப்படின்னு எனக்கே தெரியாது. வேண்டாம்."

பாலகுரு தலையாட்டிவிட்டுப் போனான். சங்கிலிமுத்து அடுத்த பெட்டியை இழுத்து, லேபிள் நேராக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்து ஒட்டினார்.