ஸ்டர்மர் மரத்துக்கு எந்த வேர்

1

இந்தக் கதை என் கற்பனையில் வந்ததல்ல. பக்கத்து வீட்டு கிளெனிஸ் வேலியருகே நின்று சொன்னது பாதி. நானே பார்த்தது மீதி. எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. ஆனா என்னை ரொம்ப நல்லவளா காட்டிடாத" என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஹுவான் ஆற்றின் மேல் பனி இறங்கியிருந்த காலையில், சாகப்போகிற ஒருவன் மரம் வாங்கக் கிளம்பி...'

[அடித்துவிட்டேன். அவள் கணவன் லிண்ட்சே சாகப்போகிறவன் மாதிரி நடந்துகொள்ளவே இல்லை. போகிற வழியில் கடையில் ஸ்காலப் பை என்கிற சிப்பிக்கறிப் பண்டம் தீர்ந்துபோயிருக்குமோ என்பதுதான் அன்றைக்கு அவன் கவலை.]

2

ஜூலை மாதம், எங்கள் தீவில் குளிர்காலம். நாற்றுப்பண்ணையில் பழைய ரகம் எது என்பதில் சண்டையில்லை. ஸ்டர்மர் ஆப்பிள்தான் வேண்டும் என்று கிளெனிஸ் கேட்டாள், அவன் தலையாட்டினான். சண்டை வேரில் வந்தது. ஆப்பிளில் மேலே ஒட்டுவது ஒரு மரம், கீழே வேர் இன்னொன்று. குட்டை வேர் மூன்றாம் வருடமே காய்க்கும், பீப்பாயில்கூட வளரும். விதையில் முளைத்த வேர் காய்க்கப் பத்து வருடம் ஆகலாம். ஆனால் நம் எல்லோருக்கும் பிறகும் நிற்கும்.

"குட்டையே போதும், லின். பீப்பாய்ல வச்சா எங்க வேணா தூக்கிட்டுப் போலாம்."

"எங்க போகப்போற?"

தீவின் வடகரையில் பர்னியில் இருக்கும் அவள் தங்கை, வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"பெரிய வேர்தான் வேணும்" என்றான்.

"என்னை இந்த மேட்டுல கட்டிப்போடப் பாக்குற."

"ஆமா. வேற எதால கட்டுறது? என்னாலதான் இனி முடியாதே."

[இந்தப் பேச்சை மெருகேற்றிப் பார்த்தேன், கெட்டுப்போனது. அவள் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.]

3

பெரிய வேரையே வாங்கினார்கள். குழியை அவள் தோண்டினாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி கன்றைப் பிடித்துக்கொண்டான்.

"சாயுது, கிளென்."

"மரம் நேராத்தான் இருக்கு. நீதான் சாயுற."

வசந்தத்தில் கன்று துளிர்த்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே லிண்ட்சே போய்விட்டான்.

[இங்கே அவள் அழுவதாக ஒரு பத்தி இருந்தது. நான் பார்க்காதது, எடுத்துவிட்டேன். பார்த்தது இது: கோடை முழுக்க மாலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கன்றின் பக்கத்தில் சும்மா நிற்பாள். "அவன் இருந்தா, இவ்ளோ ஊத்தாதன்னு திட்டுவான்" என்றாள் ஒருமுறை. அந்தத் திட்டுக்காகத்தான் ஊற்றினாள் என்று நினைக்கிறேன்.]

4

மறுபடி ஜூலை. கன்று இலையுதிர்த்து நிற்கிறது. இந்தக் குளிருக்குள் என்றால் பெயர்த்து நடலாம். தள்ளிப்போட்டால் வேர் ஆழப் போய்விடும்.

அவள் இங்கேயே தங்குவதாக ஒரு முடிவு எழுதினேன். கன்றை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு பர்னிக்குப் போவதாக இன்னொன்று. கன்றை விட்டுவிட்டு அவள் மட்டும்... இதை முடிக்க மனம் வரவில்லை.

நேற்று வந்து என் மண்வெட்டியைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"எரு போடவும் இருக்கலாம்" என்றாள். "கதை எழுதுறது நீதானே, நீயே சொல்லேன்."

அவள் எங்கும் போகக்கூடாது. இது என் ஆசை. இந்த ஆசையை வைத்துக்கொண்டு நான் முடிவு எழுதினால் அது பொய்யாகிவிடும். நீங்கள் எழுதுங்கள். மண்வெட்டி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.